தலை தீபாவளிக்கு வாங்கிய வெந்நீர்த் தொட்டி

வீட்டில் ஹாட் டப் வைத்துக்கொள்வதால் வரும் நன்மை தீமைகளைப் பற்றி, புதிதாக சர்வீஸ் வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி கம்பெனியில் சொன்னார்கள். ஷோரூமில் கேட்டால் நன்மையை மட்டும் சொல்வார்கள். சர்வீஸ் ஆளைக் கேட்டால் தீமையை மட்டும் சொல்வான். நான் ஓய்வு பெற்றவன். இரண்டையும் சொல்லலாம், யாரும் என்னை வேலையை விட்டுத் தூக்க முடியாது.

முதலில் நன்மைகள். முட்டிவலிக்கு நல்லது. இடுப்புவலிக்கு நல்லது. தண்ணீரில் குமிழி கிளம்பி முதுகைப் பிடித்துவிடும். வீட்டில் வேறு யாரும் பிடித்துவிடத் தயாராக இல்லாதவர்களுக்கு இது பெரிய விஷயம். இதையெல்லாம் விடப் பெரிய நன்மை பக்கத்து வீட்டுக்காரரின் வயிற்றெரிச்சல். வாங்குபவர்களில் பாதிப்பேர் அதற்காகத்தான் வாங்குகிறார்கள், ஆனால் கேட்டால் முட்டிவலி என்பார்கள்.

தீமைகளுக்கு நம் மாவட்டத்து வெயிலே போதும். சித்திரை மதியத்தில் மாடித் தொட்டித் தண்ணீர் குழாயில் வரும்போது கை வெந்துவிடும். வாளியில் பிடித்து வைத்து, ஆறட்டும் என்று காத்திருந்து குளிக்கிற ஜனங்கள் நாம். அந்த ஜனங்களுக்குத்தான், தண்ணீரை எப்போதும் சூடாகவே வைத்திருக்கும் ஒரு இயந்திரத்தைக் கம்பெனி விற்றது, அதை மாட்டிக் கொடுத்து நான் சம்பளம் வாங்கினேன். ஏ.சி.யைப் போட்டுவிட்டுக் கம்பளியைப் போர்த்துகிற காலத்தில் இதையும் குறை சொல்ல முடியாது.

இனி கருப்பையா அண்ணன் கதைக்கு வருகிறேன். என்னைவிட வயதில் இளையவர்தான். ஆனால் தொட்டி வாங்கியவர் எல்லாரும் நமக்கு அண்ணன். இந்தத் தொழிலில் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய மரியாதை அது.

அவர் வீடு விராலிமலைக்கும் கீரனூருக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. பாதி ஆயுளைக் கத்தாரில் கழித்தவர். அங்கே முதலாளி வீட்டு மாடியில் ஒரு ஹாட் டப் இருந்ததாம். தினமும் அதைக் கழுவித் துடைத்தது இவர்தான், ஒருநாளும் அதில் இறங்கியதில்லை. ஊர் திரும்பி வீடு கட்டியதும் மொட்டை மாடியில் அதேபோல ஒன்று வேண்டும் என்று வந்து நின்றார். இந்த இடத்தில் மட்டும் எனக்குக் கிண்டல் வருவதில்லை. ஒரு மனிதன் ஒரு பொருளுக்கு ஆசைப்பட இதைவிட நல்ல காரணம் கிடையாது.

ஆனால் சொந்தத் தொட்டி வந்த பிறகும் அவர் இறங்கவில்லை. மகள் சங்கீதாவுக்கு ஆவணியில் கல்யாணம் முடிந்திருந்தது. மாப்பிள்ளை திருச்சியில் வங்கி உத்தியோகம். தலை தீபாவளிக்கு வரும் மாப்பிள்ளைதான் முதலில் இறங்க வேண்டும், அதுவரை யார் காலும் அதில் படக்கூடாது என்று அண்ணன் ஊரெல்லாம் அறிவித்துவிட்டார். மோதிரம் போட்டவர்கள் உண்டு, பைக் வாங்கிக் கொடுத்தவர்கள் உண்டு. மாப்பிள்ளையை வெந்நீரில் போட்டு ஊறவைக்க முடிவு செய்த முதல் மாமனார் எனக்குத் தெரிந்து இவர்தான்.

தொட்டியை மாட்டி முடித்து, எப்படிப் பயன்படுத்துவது என்று நான் விளக்கியபோது அவர் மனைவி பாக்கியம் அம்மா பக்கத்தில் நின்றார்.

"எறங்குறதுக்கு முன்னாடி நல்லா சோப்புப் போட்டுக் குளிச்சிட்டு வரணும்மா" என்றேன்.

"குளிச்சிட்டு வந்து எதுக்குண்ணே குளிக்கணும்?"

"இது குளிக்கிறதுக்கு இல்லம்மா. சும்மா உக்காந்திருக்கிறதுக்கு."

"அதுக்குத்தான் சோபா வாங்கிப் போட்டிருக்கே. தண்ணிய எப்ப மாத்துறது?"

"மாசக்கணக்கா வச்சுக்கலாம். மருந்து போட்டாப் போதும்."

அந்த அம்மாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "ஒருத்தர் உக்காந்து எந்திரிச்ச தண்ணியில இன்னொருத்தரா? மாட்டுத் தொட்டிக்கே தெனம் தண்ணி மாத்துறோம்ண்ணே நாங்க" என்றார். கம்பெனிப் பயிற்சியில் இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை. உங்களுக்கும் தரமாட்டார்கள்.

அடுத்துச் சொன்னதுதான் என்னை அவருக்கு ஜென்ம விரோதி ஆக்கியது. "எண்ணெய் தேச்ச தலையோட யாரும் எறங்கக் கூடாது. சீயக்கா, மஞ்சள், கடலமாவு எதுவும் ஆகாது. ஃபில்டர் அடச்சுக்கும்" என்றேன்.

"அப்ப தீபாவளிக்கு?"

"தீபாவளிக்கும்தாம்மா."

"தல தீபாவளிக்கு மாப்ளைக்கு எண்ணெ வைக்காம விடுறதா? இது என்ன கூத்து?" என்று கணவரைப் பார்த்தார். கணவர் குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய் கிடையாது என்று அப்போதே முடிவாகிவிட்டது.

மாப்பிள்ளை வரும்வரை யாரும் இறங்கக் கூடாது என்ற உத்தரவை மயில் மட்டும் மதிக்கவில்லை. அந்தப் பக்கம் மயிலுக்குக் குறைச்சல் இல்லை. மூடியைத் திறந்து வைத்த மறுநாளே ஒன்று வந்து விளிம்பில் நின்று, வேண்டிய மட்டும் தண்ணீர் குடித்துவிட்டு, நன்றிக்கடனாக உள்ளேயே எச்சமிட்டுப் போயிற்று. முருகன் வாகனத்தை விரட்டக் கூடாது என்று பாக்கியம் அம்மா சொல்லிவிட்டார். அதற்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். தீமைகள் கணக்கில் மயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தீபாவளி அன்று விடிந்ததும் அண்ணனிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, தண்ணி சூடு பத்தலண்ணே. மாப்ள எந்திரிச்சிட்டாரு. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயிருங்க."

பண்டிகை நாளில் சர்வீஸ் ஆள் வீட்டில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுவது வாடிக்கையாளர்களுக்கு எப்படியோ மூக்கில் வியர்த்துவிடும். என் மனைவி என்னையும், கம்பெனியையும், தொட்டியைக் கண்டுபிடித்தவனையும் வரிசையாகத் திட்டி முடிப்பதற்குள் வண்டியை எடுத்துவிட்டேன். சூடு பத்தவில்லை என்பது மட்டும்தான் அவர் சொன்னது. டாக்டரிடமும் நம்மிடமும் யாரும் முழுசாகச் சொல்வதில்லை என்பதை மறந்துவிடாதீர்கள்.

போய் மாடி ஏறினால், தொட்டியைச் சுற்றிக் கல்யாண மண்டபம் மாதிரி பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். பெரியப்பா, சித்தப்பா வகையறாக்கள் முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார்கள். எல்லார் கையிலும் செல்போன் இருந்தது. தொட்டிப் படியின் மேல்முனையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை நின்றார். சாதுவான பையன். இத்தனை பேர் முன்னால் சட்டையைக் கழற்றி இறங்க வேண்டும் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். முகம் வெளிறியிருந்தது. பாக்கியம் அம்மா எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, யாரோடும் பேசாமல் ஓரமாக நின்றார்.

நான் நேராக சுவிட்ச் பெட்டியைத் திறந்தேன். உள்ளே டிரிப்பரை ஒதுக்கிவிட்டு ஒரு சிவப்பு ஒயர் நேராகப் போயிருந்தது.

டிரிப்பர் என்று நாம் சொல்லும் அந்தச் சின்ன சுவிட்ச் எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். கரண்டு போகக் கூடாத இடத்துக்கு, அதாவது தண்ணீருக்கோ மனிதனுக்கோ போனால், கண்ணிமைக்கும் நேரத்தில் தானே விழுந்து லைனை நிறுத்திவிடும். ஒரு வீட்டில் பொய் சொல்லத் தெரியாத ஒரே ஜீவன் அது. அதனாலேயே அதை யாருக்கும் பிடிப்பதில்லை.

"யாருண்ணே இது?" என்று கேட்டேன்.

பாக்கியம் அம்மாவின் தம்பி கணேசன் பெருமையாக முன்னால் வந்தார். "நான்தான்ணே. நேத்து மத்தியானத்துல இருந்து டிரிப்பர் விழுந்துக்கிட்டே இருந்துச்சு. ஃபால்ட்டு பீஸு. சாயந்தரம் நேரா குடுத்து விட்டுட்டேன். எர்த்து ஒயரு ஒண்ணு தொந்தரவு பண்ணுச்சு, அதையும் கழட்டிட்டேன். துபாய்ல நான் பாக்காத கரண்டாண்ணே?"

துபாயில் அவர் பெயின்ட் அடித்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

தொட்டியின் லைனை அணைத்தேன். கருப்பையா அண்ணனை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, என் முதுகு கூட்டத்தின் பார்வையை மறைக்கும்படி நின்றுகொண்டேன். ஒரு நொடி லைனைப் போட்டு, டெஸ்டரின் நுனியைத் தண்ணீரில் வைத்தேன். டெஸ்டர் சிவப்பாக எரிந்தது. உடனே அணைத்துவிட்டேன்.

அவருக்குப் புரிந்தது. முகம் ஒரு மாதிரி ஆயிற்று. ஆனால் திரும்பி நாற்காலிகளைப் பார்த்தார்.

"தண்ணி வெதுவெதுன்னுதானே இருக்கு. கரண்ட அமத்திட்டே எறங்கட்டும்ண்ணே. அஞ்சு நிமிசம். இத்தன சனத்தக் கூப்புட்டு வச்சுட்டு இல்லன்னா என் மானம் போயிரும்" என்றார் மெதுவாக.

அவர் கேட்டதில் தப்பில்லை. லைன் இல்லாவிட்டால் அது வெறும் வெந்நீர்தான். சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பின்னாலிருந்து கணேசன் எட்டிப் பார்த்தார்.

"கரண்ட அமத்துனா குமிழி வராதே மச்சான். குமிழி பாக்கத்தானே அம்புட்டுப் பேரும் வந்து உக்காந்திருக்காக. எங்கிட்டோ துளி லீக்கு இருக்கும், அதெல்லாம் ஒண்ணும் பண்ணாது. நான் போடுறேன் இருங்க" என்று பெட்டியை நோக்கி நகர்ந்தார். நான் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

குமிழி இல்லாத ஹாட் டப் ஒரு பெரிய அண்டா. அண்டாவைப் பார்க்க யாரும் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு மாடி ஏற மாட்டார்கள். மாப்பிள்ளை உள்ளே உட்கார்ந்ததும் ஏதாவது ஒரு சித்தப்பா, "எங்கப்பா குமிழி?" என்பார். ஏதாவது ஒரு கை சுவிட்சுக்குப் போகும். மாப்பிள்ளையின் ஒரு கை ஸ்டீல் கைப்பிடியில் இருக்கும். அதற்கு மேல் என்னால் நினைக்க முடியவில்லை. அந்தப் பையனுக்குக் கல்யாணம் ஆகித் தீபாவளி இன்னும் ஒன்றுகூட ஆகவில்லை.

"இல்லண்ணே, கரண்டு இருந்தாலும் இல்லாட்டியும் இன்னைக்கு யாரும் எறங்கக் கூடாது" என்றேன்.

கருப்பையா அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "சரி, நீங்க போங்கண்ணே. நாங்க பாத்துக்குறோம்."

தம்பிகளா, இந்தத் தொழிலில் நீங்கள் கேட்கப்போகும் சொற்களில் மிகவும் பயங்கரமானது இதுதான். 'நாங்க பாத்துக்குறோம்.' கேட்கும்போது அவ்வளவு இதமாக இருக்கும். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். நான் சொல்லிவிட்டேன், அவர்கள் கேட்கவில்லை, என் பொறுப்பு முடிந்தது என்று வீட்டுக்குப் போய் மிச்ச இட்லியைச் சாப்பிடலாம். யாரும் குற்றம் சொல்ல முடியாது. மாட்டேன் என்று சொல்வதோடு வேலை முடிந்துவிடுவதாக நினைக்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். மாட்டேன் என்று சொன்னால் நம் கை சுத்தமாக இருக்கும், அவ்வளவுதான். நாம் போன பிறகு கணேசன் இருக்கிறாரே!

கூட்டத்தைப் பார்த்துக் கத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கத்தினால் என்ன ஆகும் தெரியுமா? மாமனார் மாப்பிள்ளையைக் கரண்டுத் தண்ணீரில் இறக்கப் பார்த்தார் என்று சாயங்காலத்துக்குள் திருச்சிவரை செய்தி போகும். அதற்குப் பயந்து கருப்பையா அண்ணன் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்பார். ஒன்றுமில்லை என்று நிரூபிக்க அவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்குவார். ரோஷம் வந்த மனிதனிடம் ஆபத்தைச் சொன்னால் அவன் ஆபத்தை நோக்கித்தான் நடப்பான். அதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

மாப்பிள்ளை சட்டையின் முதல் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். அப்போதுதான் பாக்கியம் அம்மா கையிலிருந்த கிண்ணம் கண்ணில் பட்டது.

"என்னம்மா, மாப்ளைக்கு இன்னும் எண்ணெ வைக்கலையா?" என்று மாடியே கேட்கும்படி கேட்டேன்.

அந்த அம்மா என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார். "நீங்கதானே ஆகாதுன்னு சொன்னீங்க? ஒங்க தொட்டிக்குப் பொல்லாப்பு வந்துருமாமே!"

"அது மத்த நாளைக்கும்மா. தல தீபாவளிக்கு எண்ணெ வைக்காமயா? நல்ல நாளும் அதுவுமா? மெஷினுக்கு என்னமோ ஆயிட்டுப் போவுது. நீங்க வைங்க."

முன்வரிசைப் பெரியப்பா ஒருவர் உடனே பிடித்துக்கொண்டார். "அதான நானும் பாக்குறேன். எண்ணெ வைக்காம என்னப்பா தீபாவளி? மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

அதற்கு மேல் பாக்கியம் அம்மாவை யாரால் தடுக்க முடியும்? வாரக்கணக்காக அடக்கி வைத்திருந்த ஆசை. மாப்பிள்ளையை ஒரு நாற்காலியில் கிழக்குப் பார்த்து உட்காரவைத்து, உச்சந்தலையில் கிண்ணத்தைக் கிட்டத்தட்டக் கவிழ்த்துவிட்டார். அடுத்து சங்கீதாவைக் கூப்பிட்டார். அப்புறம் பிள்ளைகள். கணேசன் இன்னும் சுவிட்ச் பெட்டியைச் சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "டேய், ஒனக்கு மட்டும் தனியாவா சொல்லணும்? வாடா இங்கிட்டு" என்று காதைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். எண்ணெய் கண்ணில் இறங்க, துபாய்க் கரண்டுகளை எல்லாம் பார்த்த அந்த மனிதர் எதையும் பார்க்க முடியாமல் துண்டைத் தேடினார்.

நான் தொட்டிக்கு முன்னால் கையை விரித்து நின்றேன். "எண்ணெத் தலையோட யாரும் எறங்கிராதீங்க. கீழ போயி சீயக்கா போட்டு நல்லா அலசிட்டு வாங்க. அதுக்குள்ள நான் இங்க தயார் பண்ணி வைக்கிறேன்."

எண்ணெய் வைத்துக்கொண்ட அத்தனை பேரும் படியிறங்கினார்கள். மாப்பிள்ளை இல்லாத காட்சிக்கு எதற்கு நாற்காலி என்று சித்தப்பாக்களும் எழுந்துபோனார்கள். போகிற போக்கில் மாப்பிள்ளை, கன்னத்தில் எண்ணெய் வழிய, என் பக்கத்தில் நின்றார். "ரொம்ப தேங்க்ஸ் சார். இத்தன பேருக்கு முன்னால எப்படி எறங்குறதுன்னு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல" என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார். அவர் எதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது.

அவர்கள் கீழே போனதும் மெயினை அணைத்தேன், தொட்டிக்கு வரும் கேபிளைக் கழற்றிச் சுருட்டி என் பையில் போட்டுக்கொண்டேன், அடியில் இருக்கும் அடைப்பைத் திறந்துவிட்டேன். தண்ணீர் மாடிக் குழாய் வழியாகத் தென்னைக்குப் போகத் தொடங்கியது. எண்ணெய் போக அலசி, புதுத்துணி உடுத்தி, சிலர் மேலே எட்டிப் பார்த்தபோது தொட்டி பாதிதான் இருந்தது. "ரொம்ப நாள் தண்ணி. மயில் வேற குடிச்ச தண்ணி. தல தீபாவளிக்கு மாப்ளைய அதுலயா எறக்குறது? அதான் மாத்துறேன்" என்றேன். பாக்கியம் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அன்றுதான் முதல்முறையாகப் பிரியம் இருந்தது. கீழே கறிக்குழம்பு வாசம் வந்துவிட்டதால் வேறு யாரும் கேள்வி கேட்கவில்லை.

அன்று நான் செய்த வேலைக்கு எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் பாடம் கிடையாது. மின்சாரத்தை நிறுத்த ஒரு சுவிட்ச் போதும், மனிதர்களை நிறுத்த அவர்கள் ஏற்கனவே போக ஆசைப்படுகிற வேறொரு வழியைத் திறந்துவிட வேண்டும். அங்கே அந்த வழி ஒரு கிண்ணம் நல்லெண்ணெயாக இருந்தது. உங்களுக்கு வேறு ஏதாவது கிடைக்கும். அதைக் கண்டுபிடிக்கும்வரை பையைத் தூக்காதீர்கள்.

கருப்பையா அண்ணன் மட்டும் கீழே போகவில்லை. கைப்பிடிச் சுவர் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டிருந்தார். என் மேல் கோபம் இருக்கும் என்றுதான் நினைத்தேன். நான் ஹீட்டரைக் கழற்றினேன். போர்வெல் தண்ணீர் உப்பு அதன் மேல் வெள்ளையாகப் படிந்து, ஒரு பக்கம் வாய் பிளந்திருந்தது. அந்தப் பிளவு வழியாகத்தான் கரண்டு தண்ணீரில் கசிந்திருக்கிறது. டிரிப்பர் முந்தின நாள் மத்தியானத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். துடைத்து அவர் கையில் கொடுத்தேன்.

வெகுநேரம் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு அப்படியே சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நேத்து வெளக்கு வச்ச நேரம்" என்றார். "கணேசன் நேரா குடுத்துட்டுக் கீழ போயிட்டான். நான் மட்டும்தான் இங்க இருந்தேன். சங்கீதா மேல வந்துச்சு. 'அப்பா, கால மட்டும் விட்டுப் பாக்குறேன்ப்பா'ன்னு சேலையத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு அந்தப் படியில நின்னுச்சு. நான்தான், 'மாப்ள எறங்குறதுக்கு முன்னாடி நீ தொடாத, போ அங்கிட்டு'ன்னு வெரட்டி விட்டேன். மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுப் போச்சு. ராத்திரி எங்கூட பேசக்கூட இல்ல."

அவர் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன்.

கீழே முற்றத்திலிருந்து சங்கீதாவின் குரல் கேட்டது. கோபமெல்லாம் போய்விட்ட குரல். "அப்பா, சாப்புட வாங்கப்பா. எலை போட்டாச்சு."

அவர் ஹீட்டரை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். "வாராரும்மா" என்று நான்தான் சொன்னேன்.